டிக்கெட்டில் ஷோ சேர்ந்திருக்கிறது, சரி. சீட் எடுத்துவிட்டீர்களா?

போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சுற்றுலாக் கப்பல் ஒன்றின் ஆப் பக்கத்தைப் படம்பிடித்து ஒரு அம்மா அனுப்பியிருந்தார். நான்கு ஷோக்களின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே இருந்த பொத்தான் சாம்பல் நிறத்தில் மங்கிப்போயிருந்தது. கீழே இரண்டு வரி: "எல்லாம் ஃபுல்லுன்னு வருது தம்பி. பையனுக்கு என்ன பதில் சொல்றது?"

அந்த அம்மாவுக்கு இதற்கு முன் நான்கு கப்பல் பயணங்களுக்கு நான்தான் டிக்கெட் போட்டேன். நான்குமே 2,000 பேர் போகிற அளவுக் கப்பல்கள். இந்த முறை மகள், மருமகன், பேரன் எல்லோரும் சேர்ந்து போவதால் பெரிய கப்பலாகப் பார்க்கச் சொன்னார். பேரனுக்குப் பத்து வயது, நீச்சல் குளத்தில் டைவிங் கற்றுக்கொள்கிறான். உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கும் ஷோ அந்தக் கப்பலில் இருக்கிறது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம். ஷோ இருக்கைகளுக்கான முன்பதிவு திறந்த அன்றே மெயில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து போனிலும் ஞாபகப்படுத்தினேன். "ஷோவெல்லாம் டிக்கெட்லயே சேர்ந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க? கப்பலுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றார்.

இந்த வருடம் இதே பதிலைச் சொல்லிவிட்டு, பிறகு இதே மாதிரிப் படத்தை அனுப்பிய ஏழாவது குடும்பம் இது. தனித்தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனி எழுதியே வைத்துவிடுகிறேன்.

"டிக்கெட்டில் சேர்ந்தது" என்றால் அந்த ஷோவுக்குத் தனியாகப் பணம் கேட்கமாட்டார்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான். உங்களுக்கு அங்கே ஒரு நாற்காலி ஒதுக்கியாகிவிட்டது என்று அர்த்தமே இல்லை. பணமும் இடமும் வேறு வேறு விஷயங்கள். ரயிலில் பாஸ் வைத்திருந்தாலும் படுக்கைக்குத் தனியாக ரிசர்வ் செய்ய வேண்டியிருக்கிறதல்லவா, அந்த மாதிரிதான். இலவசம் என்பதாலேயே கப்பலில் இருக்கும் எல்லோரும் அதே ஷோவுக்குத்தான் வருவார்கள்.

கணக்கைப் பாருங்கள். ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் 2009-இல் வந்தது. அறைக்கு 2 பேர் என்று வைத்தாலே அதில் 5,400 பேருக்கு மேல் வருவார்கள். பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகளும் சேர்ந்தால் 6,000-ஐத் தாண்டும். பெரிய தியேட்டரில் சுமார் 1,400 இருக்கைகள். அப்படியானால் எல்லோரும் ஒரு தடவை பார்க்கவே நான்கு காட்சிகளுக்கு மேல் வேண்டும். தண்ணீர் ஷோ நடக்கும் திறந்தவெளி ஆக்வா தியேட்டரும் ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கும் அதில் ஏறக்குறைய பாதி அளவுதான். எல்லோருக்கும் காட்ட எட்டு காட்சிகளாவது நடத்த வேண்டும். காமெடி அரங்கு இவற்றையெல்லாம்விட மிகச் சிறியது, அதனால் முதலில் நிரம்புவதும் அதுதான். இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. ஒரே ஷோவை வாரம் முழுக்கப் பல தடவை நடத்துவதே இதற்காகத்தான். ஆனால் நல்ல நாளும் நல்ல நேரமும் முன்பதிவு செய்தவர்களுக்குப் போய்விடும்.

"போன தடவை நாங்க புக் பண்ணவே இல்லையே, சும்மா போய் உட்கார்ந்தோமே" என்று கேட்பவர்கள்தான் அதிகம். உண்மைதான். 1996-இல் வந்த கிராண்டர் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பலில் சுமார் 2,000 பேர், ஒரு தியேட்டர். இரவு உணவு இரண்டு பந்தி, ஷோவும் இரண்டு காட்சி. முதல் பந்தியில் சாப்பிடுபவர்கள் இரண்டாம் காட்சிக்குப் போவார்கள். இரண்டாம் பந்திக்காரர்கள் முதல் காட்சியைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வருவார்கள். கூட்டம் தானாகவே பாதி பாதியாகப் பிரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் பெரிய கப்பலுக்கு வருகிறார்கள். புதிதாகக் கப்பல் ஏறுபவர்கள் நான் சொல்வதைக் குறித்துக்கொள்கிறார்கள். நான்கு பயணம் போனவர்கள்தான் "எங்களுக்குத் தெரியும்" என்கிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் தவறவிடுவதும் அவர்கள்தான்.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரியில் முதல் பயணம் போன ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன் என்று விளம்பரத்தில் படித்துவிட்டு, "இவ்வளவு எடையா!" என்கிறார்கள். கிராஸ் டன் என்பது எடை இல்லை, கப்பலின் மூடிய உள் இடத்தின் கொள்ளளவை வைத்துப் போடும் கணக்கு. பயணிக்கு அதைவிட முக்கியமான எண் நீளம்: 365 மீட்டர். மொத்தம் 20 தளங்கள். எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600 பயணிகள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிறிய கப்பலில் சாப்பிட்டு எழுந்து இரண்டு நிமிடத்தில் தியேட்டருக்குப் போய்விடலாம். இங்கே முடியாது. உணவுக்கூடம் பின்பக்கம், தியேட்டர் முன்பக்கம் என்று இருந்தால் கால் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். ஷோ விடும் நேரத்தில் லிஃப்டுக்குப் பெரிய கூட்டம் நிற்கும். முழங்கால் வலி இருப்பவர்கள் என்னிடம் அறை கேட்கும்போது "பால்கனி இருந்தா போதும்" என்கிறார்கள். தயவுசெய்து அதைவிட முதலில் லிஃப்ட் எவ்வளவு பக்கம் என்று கேளுங்கள். சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்குத் தியேட்டரில் சில இடங்கள்தான் உண்டு. அதை டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும், வாசலில் நின்று கேட்கக் கூடாது.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன். முன்பதிவு எப்போது திறக்கும் என்பதற்கு ஒரே தேதி கிடையாது. கப்பலுக்குக் கப்பல், பயணத்துக்குப் பயணம் மாறும். வாரம் ஒரு முறை ஆப்பைத் திறந்து பாருங்கள், அல்லது டிக்கெட் போட்டவரைக் கேளுங்கள். அவர் மெயில் போட்டால் அதைப் படியுங்கள்.

பதிவு செய்யும்போது உங்கள் பெயருக்கு மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். இரண்டு அறை எடுத்த குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. மகளின் அறை தனிப் பதிவு எண்ணில் இருக்கும், ஆப்பில் இணைக்காமல் விட்டிருப்பார்கள். கடைசியில் தாத்தா பாட்டிக்கு மட்டும் இடம், பிள்ளைகளுக்கு இல்லை. முதலில் எல்லா அறைகளையும் இணையுங்கள், அப்புறம் ஷோவைத் தொடுங்கள்.

தண்ணீர் ஷோவையும் ஐஸ் ஷோவையும் பயணத்தின் முதல் பாதியிலேயே வையுங்கள். கடைசி இரவுக்கு வைக்கவே வைக்காதீர்கள். காற்று பலமாக அடித்தாலோ கப்பல் ஆடினாலோ இந்த இரண்டையும்தான் முதலில் ரத்து செய்வார்கள். குதிப்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதில் சண்டை போட எதுவும் இல்லை. மூன்றாம் நாள் ரத்தானால் வேறு நாளில் நடத்த வாய்ப்பு உண்டு. கடைசி இரவில் ரத்தானால் ஒன்றும் செய்ய முடியாது.

உணவு நேரத்துக்கும் ஷோவுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள். பதிவு இருக்கிறதே என்று கடைசி நிமிடத்தில் போய் நிற்காதீர்கள். தொடங்குவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் காலி இருக்கைகளில் சிலவற்றை ஸ்டாண்ட்பை வரிசையில், அதாவது பதிவு இல்லாமல் காத்து நிற்பவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உங்கள் பதிவைக் காட்டிப் பயனில்லை. இன்னொன்று: கரைக்குப் பக்கத்தில் போகும்போது போன் தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடலாம். எல்லாம் நடப்பது கப்பல் நேரப்படிதான். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் தப்பாகப் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் நிரம்பிவிட்டது என்று வந்தாலும் அழ வேண்டாம். ஏறிய அன்றே ஆப்பை மறுபடி பாருங்கள், இருக்கைகளில் ஒரு பகுதியைக் கப்பலில் திறப்பது உண்டு. பெரும்பாலான பெரிய கப்பல்களில் ஆப் வேலை செய்ய இணையப் பேக்கேஜ் வாங்கத் தேவையில்லை, கப்பலின் வைஃபையில் இணைந்தால் போதும். பிறகு காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை பாருங்கள். மனம் மாறி ரத்து செய்பவர்கள் தினமும் இருக்கிறார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அரை மணி நேரம் முன்னதாக ஸ்டாண்ட்பை வரிசையில் நில்லுங்கள்.

அந்த அம்மாவுக்கும் அன்று இரவு இதைத்தான் சொன்னேன். ஐந்தாம் நாள் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றார்கள். இரண்டு இடம்தான் கிடைத்தது. மகளும் மருமகனும் வெளியே நின்றுகொள்ள, பாட்டியும் பேரனும் உள்ளே போனார்கள். உட்கார்ந்த வரிசையில் கடைசிவரை ஆறு நாற்காலிகள் காலியாக இருந்தன என்று அவர் போனில் சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை. யாரோ பதிவு செய்துவிட்டு, வராமலும், ரத்து செய்யாமலும் இருந்திருக்கிறார்கள். உள்ளே விடும் நேரம் முடிந்த பிறகு அந்த நாற்காலிகள் யாருக்கும் பயன்படவில்லை.

உங்களுக்கு அன்று களைப்பாக இருந்தால் போகவேண்டாம், அது உங்கள் விருப்பம். ஆப்பில் அந்த ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்குங்கள், மதியமே அழுத்தினால் இன்னும் நல்லது.