7.67 பெரிதா, 3.58 பெரிதா?

1990களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் சேகா கட்சி, நிண்டெண்டோ கட்சி என்று பிரிந்து நின்றார்கள். 1989இல் வந்த சேகாவின் வீடியோ கேம் பெட்டியான ஜெனிசிஸின் விலை 189 டாலர். 1991இல் வந்த நிண்டெண்டோவின் பெட்டி, சூப்பர் நிண்டெண்டோ, 199 டாலர். இரண்டையும் வாங்கித் தரும் வீடு குறைவு. வாங்கிய பெட்டியை விட்டுக்கொடுக்கவும் மனசு வராது. சேகா கட்சியிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது: எங்கள் சிபியு (பெட்டியின் மூளையான சிப்) 7.67 மெகாஹெர்ட்ஸ், உங்களுடையது 3.58. ஜெனிசிஸைப் பந்தயக் காரிலும் எதிரியை ஓட்டை வண்டியிலும் ஏற்றிக் காட்டிய டிவி விளம்பரம், இந்த வேகத்துக்கு 'பிளாஸ்ட் பிராசஸிங்' என்று பெயரும் சூட்டியது.

எண்கள் இரண்டும் சரிதான். ஒப்பிட்ட விதத்தில்தான் கோளாறு.

மெகாஹெர்ட்ஸ் என்பது சிப் நொடிக்கு எத்தனை பத்து லட்சம் முறை துடிக்கிறது என்ற வெறும் துடிப்புக் கணக்கு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அது சொல்லாது. ஜெனிசிஸின் மோட்டோரோலா 68000 மெமரியை ஒருமுறை தொட 4 துடிப்பு எடுக்கும், 2 பைட் கொண்டுவரும். சூப்பர் நிண்டெண்டோவின் 65816 வகை சிப்புக்கு 1 துடிப்பு போதும், கிடைப்பது 1 பைட். கணக்குப் போட்டால் நொடிக்கு 38 லட்சம் பைட், 36 லட்சம் பைட். இரண்டு மடங்கு எங்கே போயிற்று?

மெமரியில் இருக்கும் இரண்டு 16 பிட் எண்களைக் கூட்டி, விடையை மெமரியிலேயே எழுத வேண்டும் என்று வையுங்கள். 68000இல் எடுக்க 12, கூட்ட 12, எழுத 12, ஆக 36 துடிப்பு, சுமார் 4.7 மைக்ரோநொடி. 65816இல் கேரியை (முந்தைய கூட்டலில் மிஞ்சிய கைமாற்றை) அழிக்க 2, மற்ற மூன்றுக்கும் தலா 4, ஆக 14 துடிப்பு. அதன் ரேம் 2.68 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது என்பதையும் சேர்த்தால் சுமார் 4.5 மைக்ரோநொடி. 'மெதுவான' சிப் மயிரிழையில் முந்திவிட்டது!

அதே எண்கள் ஏற்கெனவே ரெஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடத்தில், இருந்தால் கதை தலைகீழ். 68000இடம் 32 பிட் ரெஜிஸ்டர்கள் 16 உண்டு. கூட்டலை 4 துடிப்பில், அரை மைக்ரோநொடியில் முடித்துவிடும். 65816இடம் கணக்குக்கு உதவுபவை மூன்றுதான், ஆகவே ஓயாமல் மெமரிக்கு ஓட வேண்டும். திரையில் எதிரிகள் குவியும்போது ஜெனிசிஸுக்கு இருந்த நிஜமான சாதகம் இதுதான்.

நிண்டெண்டோ பக்கம் இன்னொரு சிக்கல், ஆட்டம் அடங்கிய கேட்ரிட்ஜிலேயே. 3.58இல் ஓட 120 நானோநொடியில் பதில் தரும் ரோம் சிப் வேண்டும். காசை மிச்சம் பிடிக்க 200 நானோநொடி சிப் போட்டால் 2.68தான், மேலே பார்த்த கூட்டல் 5.1 மைக்ரோநொடியாக இழுக்கும். வேகமான சிப் போட்டால் மட்டும் போதாது: வேகத்தைத் தீர்மானிக்கும் 420டி ரெஜிஸ்டரில் 1 எழுத வேண்டும், நிரலும் பதினாறடிமான எண்ணில் 80ஆம் பேங்கிலோ (மெமரி முகவரிப் பகுதி) அதற்கு மேலோ இருந்து ஓட வேண்டும். 1 எழுதிவிட்டு நிரலைப் பழைய பேங்கிலேயே விட்டால் வேகம் துளியும் ஏறாது. 'கிரேடியஸ் 3' போன்ற ஆட்டங்கள் திணறியதைப் பார்த்து சிபியுவைத் திட்டியவர்கள், கேட்ரிட்ஜையும் சேர்த்துத் திட்டியிருக்கலாம்.

நிறத்தில் போட்டியே இல்லை. நிண்டெண்டோ 32,768 நிறங்களில் 256ஐ எடுத்து வைத்துக்கொள்ளும். ஜெனிசிஸ் 512இல் 64.

இனி அந்த 'பிளாஸ்ட்'. பெயர் வந்த வழியைச் சேகாவில் அப்போது வேலை பார்த்த ஸ்காட் பேலெஸ் பின்னாளில் சொன்னார்: திரை கோடு கோடாக வரையப்படும்போதே டிஎம்ஏ (சிபியு தொடாமலே தரவை நகர்த்தும் வழி) மூலம் நிறங்களை விடாமல் கொட்டும் ஒரு வித்தை, விளம்பரக்காரர்கள் காதில் 'பிளாஸ்ட்' என்று விழுந்ததாம். பின்னணி நிறத்தைக் கோட்டின் நடுவிலேயே மாற்றிக்கொண்டே போனால் 64 நிற வரம்பு உடையும். ஆனால் ஒவ்வொரு கோட்டிலும் தொடங்கும் கணம் துல்லியமாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் படம் பக்கவாட்டில் நடுங்கும். கடைக்கு வந்த ஆட்டம் எதுவும் இதைப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியிருந்தாலும், டிஎம்ஏ கொட்டி முடியும்வரை அந்த 7.67 மெகாஹெர்ட்ஸ் சிபியு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கும்.