"கணக்கு இருக்குதுங்களா?": கேரளத்தில் பத்தாம் வகுப்பு துல்யதா படிப்பு

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் யாரிடமாவது "பத்தாவது எழுதிப் பாருங்களேன்" என்று சொன்னால், ஃபீஸ் எவ்வளவு என்று முதலில் கேட்பவர் குறைவு. "கணக்கு இருக்குதுங்களா?" என்றுதான் கேட்பார்கள். இருக்கிறது. பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கான இந்தப் பத்தாம் வகுப்பு துல்யதா படிப்பைக் கணக்கை விட்டுவிட்டு முடிக்க முடியாது. அதனால் திட்டத்தின் விவரத்தோடு அந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

படிப்பை நடத்துவது கேரள மாநில சாட்சரதா மிஷன், அதாவது எழுத்தறிவு இயக்கம். நான்கு, ஏழு, பத்து, அப்புறம் பிளஸ் டூ வரை படிப்படியாகத் துல்யதா படிப்புகள் அவர்களிடம் உண்டு. 'துல்யதா' என்றால் சமமானது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து வாங்கிய பத்தாம் வகுப்புக்குச் சமம். பத்தாவதுக்கான தேர்வை நடத்திச் சான்றிதழ் தருவது எஸ்எஸ்எல்சி நடத்தும் அதே பரீட்சா பவன். அரசு வேலைக்கான பிஎஸ்சி (தேர்வாணைய) விண்ணப்பத்துக்கும் மேற்படிப்புக்கும் அது செல்லும். "இதெல்லாம் செல்லாத சர்டிபிகேட்" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

17 வயது முடிந்திருக்க வேண்டும். மேல்வரம்பு கிடையாது. ஏழாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அல்லது ஏழாம் வகுப்பு துல்யதா முடித்திருக்க வேண்டும். எட்டிலோ ஒன்பதிலோ நின்றவர்கள் தாராளமாகச் சேரலாம். ஏழாம் வகுப்பு தேறாதவர் கீழ்வகுப்புத் துல்யதாவில் தொடங்கி மேலே வர வேண்டும். அதை இழுக்காக நினைக்க வேண்டியதில்லை. கொல்லம் மாவட்டத்து பாகீரதி அம்மா நான்காம் வகுப்பு துல்யதா தேறியபோது அவருக்கு வயது 105. அதில் கணக்கில் முழு மதிப்பெண்!

பாடங்கள் ஒன்பது: தாய்மொழி, ஆங்கிலம், இந்தி, சமூக அறிவியல், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு, ஐடி. வகுப்பு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களும்தான். தொழிலுறுதி (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலைக்குப் போகிறவர்களும் பால் சொசைட்டிக்கு ஓடுகிறவர்களும் வருவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். சேர்வதற்கு உங்கள் பஞ்சாயத்தில் இருக்கும் பிரேரக்கைப் பாருங்கள். சாட்சரதா மிஷனின் உள்ளூர் ஆள் அவர். யார் என்று தெரியாவிட்டால் வார்டு மெம்பரிடம் கேட்டால் போதும். கட்டணத் தொகை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் வரும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் படிப்புக் கட்டணத்தில் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கும் சில பஞ்சாயத்துகள் தங்கள் திட்ட நிதியிலிருந்து கட்டணத்தைக் கட்டிவிடுகின்றன. நம் பஞ்சாயத்தில் அப்படி உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இனி மொழி. பத்தாம் வகுப்பு துல்யதாவைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் பதிவு செய்யும்போதே பாரத்தில் தமிழ் மீடியம் என்று குறிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டு, தேர்வு அறையில் மலையாள வினாத்தாளைப் பார்த்து முழித்த ஒருவரை எனக்குத் தெரியும். மலையாளம் நன்றாகப் பேசுவார், பேருந்து போர்டும் படிப்பார். ஆனால் கணக்கு வினாவில் ஒரு வினைச்சொல் பிடிபடாவிட்டால் மொத்தமும் போச்சு. ஏழாம் வகுப்பு வரை எந்த மொழியில் படித்தீர்களோ அதிலேயே எழுதுங்கள் என்பதுதான் என் கட்சி. தமிழில் எழுதுபவர் குறைவு என்றால் ஞாயிறு வகுப்பு மலையாளத்தில்தான் நடக்கும். அப்போது சில சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பீஜகணிதம் என்றால் நம் இயற்கணிதம். சமவாக்கியம் என்றால் சமன்பாடு. பஹுபதம் என்றால் பல்லுறுப்புக்கோவை. சமாந்தர ஸ்ரேணி என்பது கூட்டுத்தொடர். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

இன்னொன்று. 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியில் இருக்கும் தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே பெறலாம். தமிழ் மீடியம் வகுப்பு வேண்டும் என்று பத்துப் பேர் சேர்ந்து மனுக் கொடுப்பதானால், அதை மலையாளத்தில் எழுதித்தர ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, கணக்கில் எண்ணுக்குப் பதிலாக வரும் எக்ஸுக்கு (x) வருவோம். பெரியவர்கள் இயற்கணிதத்தில் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். "எழுத்தை எப்படிங்க கூட்டறது?" சீட்டுப் போடுகிறவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். முதல் மாதம் 500, பிறகு ஒவ்வொரு மாதமும் 50 கூடுதல் என்று ஒரு சேமிப்பு. பன்னிரண்டாவது மாதம் எவ்வளவு? முதல் மாதத்துக்குப் பிறகு 11 தடவை 50 ஏறியிருக்கிறது, ஆக 500 + 550 = 1050. மொத்தம்? முதலையும் கடைசியையும் கூட்டினால் 1550. இரண்டாவதையும் கடைசிக்கு முந்தியதையும் கூட்டினாலும் 1550. இப்படி ஆறு ஜோடி, 9300 ரூபாய். கூட்டுத்தொடர் பாடத்தின் உயிரே இந்த ஜோடிதான். பாடப்புத்தகம் 12-க்குப் பதிலாக 'என்' (n) என்று போடுகிறது, அவ்வளவே.

அடுத்தது இருபடிச் சமன்பாடு. பெயரைக் கேட்டே சிலர் வகுப்பை விட்டு நின்றுவிடுவார்கள். ஓர் ஆட்டுக் கொட்டகை. அகலத்தைவிட நீளம் 6 அடி அதிகம். பரப்பு 280 சதுர அடி. அகலம் எவ்வளவு? அகலத்தை எக்ஸ் என்று வைத்தால் நீளம் எக்ஸ் + 6. இப்போது தாளில் கொட்டகையை வரையுங்கள். அதில் எக்ஸுக்கு எக்ஸ் ஒரு சதுரம், பக்கத்தில் 6 அடிப் பட்டை ஒன்று. அந்தப் பட்டையை நீளவாக்கில் இரண்டு 3 அடித் துண்டாக வெட்டி, ஒன்றை அங்கேயே விட்டு, மற்றதைச் சதுரத்தின் அடியில் ஒட்டுங்கள். ஏறக்குறைய ஒரு பெரிய சதுரம் வந்துவிட்டது, ஒரு மூலை மட்டும் ஓட்டை. அந்த ஓட்டை 3 × 3 = 9. அதை நிரப்பினால் 280 + 9 = 289. பெருக்கிப் பார்த்தால் 17 × 17 = 289. ஆகப் பெரிய சதுரத்தின் பக்கம் 17, அதில் 3 போனால் எக்ஸ் 14. அகலம் 14 அடி, நீளம் 20 அடி. −17-ஐ −17-ஆல் பெருக்கினாலும் 289 என்பதால் கணக்கில் −17-உம் வரும், அப்போது எக்ஸ் −20. கொட்டகைக்கு அகலம் மைனஸில் இருக்காது என்பதால் அதைத் தள்ளிவிடுகிறோம். ஏன் தள்ளினோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

தாளை மடித்து, கத்தரித்து இதை இரண்டு தடவை செய்தவர்கள் பிறகு மறப்பதில்லை. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த ஞாயிறே மறந்துவிடுகிறார்கள்.

தேர்வில் கிரேடு முறை. டி பிளஸ் வாங்கினால் அந்தப் பாடம் தேறியது. ஞாயிறு வகுப்பில் நடக்கும் தொடர் மதிப்பீட்டுக்கும் மதிப்பெண் உண்டு, அதனால் வகுப்பைத் தவறவிடாதீர்கள். கணக்கு மட்டும் போனால் ஒன்பதையும் திரும்ப எழுத வேண்டாம், போனதை மட்டும் எழுதலாம்.

கணக்கே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு வேறொரு வாசல் உண்டு. மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடம் போதும், அதில் கணக்கு கட்டாயமில்லை. தேறுவதற்கு 33 சதவீதம், ஐந்து ஆண்டில் ஒன்பது வாய்ப்பு. ஆனால் எலக்ட்ரீசியன் போன்ற ஐடிஐ படிப்புகள் பத்தாவதில் கணக்கும் அறிவியலும் கேட்கும். ஐடிஐ எண்ணம் இருப்பவர் இந்த வழியில் போய் கணக்கை விட வேண்டாம். துல்யதாவில் தேறிய பிறகு பிளஸ் டூ துல்யதா படிக்க 22 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கே ஹ்யூமானிட்டீஸ் எடுத்தால் கணக்குப் பாடம் இல்லை.

கடைசியாக, பாரத்தில் பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பழைய பள்ளி டிசியில் அப்பா பெயர் வேறு எழுத்தில் இருக்கும். ஆதாரையும் டிசியையும் மேசையில் பரப்பி வைத்து ஒப்பிட்டுவிட்டு பாரத்தை நிரப்புங்கள். சான்றிதழில் அச்சான பிறகு ஓர் எழுத்தை மாற்றுவது இருபடிச் சமன்பாட்டைவிடக் கஷ்டம்.