மண்ணுக்கடியில் குளிர் இல்லாத ஊரில் ஓர் ஒயின் அறை

பாரிஸ் வானாய்வகத்துக்கு அடியில், 28 மீட்டர் ஆழத்தில் பழைய நிலவறைகள் இருக்கின்றன. 1783இல் வேதியியலாளர் லவாய்சியே செய்து கொடுத்த வெப்பமானி ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மேலே பனி கொட்டினாலும் சரி, வெயில் கொளுத்தினாலும் சரி, கீழே அது 12 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்றது.

மண் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துகிறது. பகல் வெயிலின் சூடு அரை மீட்டர் இறங்குவதற்குள் இரவு வந்துவிடும். கோடை, குளிர்காலம் என்ற பெரிய ஏற்ற இறக்கமும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குக் கீழே இருப்பது அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைதான். பாரிஸிலும், ஷாம்பெயின் பாட்டில்கள் சுண்ணாம்புக் குழிகளில் உறங்கும் ரெய்ம்ஸ் நகரிலும் அந்தச் சராசரி ஒயினுக்கு ஏற்றதாக அமைந்தது இயற்கை தந்த கொடை.

சிங்கப்பூருக்கு அந்தக் கொடை கிடைக்கவில்லை. அங்கே ஆண்டுச் சராசரி 27 டிகிரிக்கும் மேல். எவ்வளவு ஆழம் தோண்டினாலும் மண் அதைவிடக் குளிராது. ஆகவே பங்களாவின் அடித்தளமானாலும், முப்பதாவது மாடி வீட்டின் வரவேற்பறையில் கண்ணாடிச் சுவரோடு மின்னும் அறையானாலும், குளிரை நாமேதான் உண்டாக்கிக் காக்க வேண்டும்.

குளிர் எதற்கு? ஒரு பாட்டிலின் கழுத்தைக் கிட்டத்தில் பாருங்கள். ஒயினுக்கும் தக்கைக்கும் நடுவே சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் காலி இடம் விட்டிருப்பார்கள். கழுத்தின் உள்விட்டம் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. கணக்குப் போட்டால் அங்கே இருப்பது 4 மில்லி வாயு. 750 மில்லி ஒயின் 20 டிகிரியிலிருந்து 30க்குச் சூடானால் ஏறக்குறைய 2 மில்லி விரியும். வாயுவுக்கான இடம் பாதியாகிறது, அழுத்தம் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. தக்கையின் ஓரமாகக் கொஞ்சம் கசியும். அப்புறம் இரவில் குளிரும்போது பாட்டில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அதோடு ஆக்சிஜனும் போகும். இப்படி மூச்சு வாங்கி வாங்கியே ஒயின் கெடுகிறது. நிலையாக 15 டிகிரியில் கிடப்பது, 11க்கும் 19க்கும் நடுவே ஊசலாடுவதைவிட எவ்வளவோ மேல். 10 டிகிரி ஏறினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதும் சேர்ந்துகொள்வதால், பொதுவாக 13 டிகிரியை இலக்காக வைக்கிறார்கள். ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம்; அதற்குக் கீழே தக்கை காயும், மேலே லேபிளில் பூஞ்சை பிடிக்கும்.

வெப்பத்தைத் தடுப்பதுதான் பெரிய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஈரத்தைத் தடுப்பதுதான். நீராவிக்கும் அழுத்தம் உண்டு. சிங்கப்பூரின் வெளிக்காற்றில் அது சுமார் 3 கிலோபாஸ்கல். 13 டிகிரி அறைக்குள்ளே சுமார் 1. ஆக, இரவும் பகலும் நீராவி சுவரைத் துளைத்துக்கொண்டு குளிர்ந்த பக்கம் போகப் பார்க்கும். செங்கலும் சிமெண்டும் அதற்குப் பெரிய தடையில்லை. ஐஸ் தண்ணீர் வைத்த செம்பின் வெளிப்புறம் வேர்க்கிறதே, அதே வேர்வை சுவருக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பஞ்சுபோன்ற காப்புப் பொருள் நனைந்தால் காப்பு போய்விடும், மரச்சட்டம் உளுக்கும், சில மாதங்களில் பூஞ்சை வாடை வரும்.

இதற்கு மருந்து ஒரு பாலித்தீன் விரிப்பு. அதை எந்தப் பக்கம் ஒட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குளிர்நாடுகளில் வீட்டுக்குள்தான் சூடு, அதனால் விரிப்பைச் சுவரின் உட்பக்கம் வைப்பார்கள். ஒயின் அறையில் சூடு வெளியே இருக்கிறது. விரிப்பு காப்புப் பொருளுக்கு வெளிப்பக்கம் வர வேண்டும். குளிர்நாட்டு வழக்கத்தை அப்படியே கொண்டுவந்து உட்பக்கம் ஒட்டினால், வந்த ஈரம் நடுச்சுவரிலேயே சிறைப்பட்டுவிடும். பூச்சாகத் தெளிக்கும், துளைகள் ஒன்றோடொன்று சேராமல் மூடியிருக்கும் பாலியூரித்தேன் நுரை காப்பாகவும் தடையாகவும் இருப்பதால், இந்தத் தவறுக்கே இடம் கொடுப்பதில்லை. கூரையையும் கதவின் ரப்பர் பட்டையையும் மறக்கக் கூடாது.

சரி, குளிரூட்ட சாதாரண ஏசி போதாதா? அதன் ரிமோட் 16 டிகிரியோடு நின்றுவிடும். அதை ஏமாற்றி இறக்கினால், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில் பனி படியும். இன்னொரு சிக்கலும் உண்டு. 13 டிகிரி, 65 சதவீத ஈரமுள்ள காற்று 7 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே நீரைக் கக்கிவிடும். சாதாரண ஏசியின் சுருள் அதையும் தாண்டிக் குளிர்ந்து அறையை வறளவைக்கும். ஒயின் அறைக் கருவியில் சுருள் பெரியது, ஆனால் அவ்வளவு குளிராது. குளிரைக் கொடுக்கும், ஈரத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். கம்ப்ரஸரின் சூட்டை மட்டும் வீட்டுக்கு வெளியே தள்ள வேண்டும்.

வெளிச்சமும் பகைதான். ஒயினில் இருக்கும் வைட்டமின் பி2 ஒளியை வாங்கிக் கந்தகம் கலந்த அமினோ அமிலத்தை உடைத்தால், வெந்த முட்டைகோஸ் நாற்றம் வரும். அதனால் மங்கலான எல்இடி போதும்.

கண்ணாடிச் சுவர் வைப்பதானால், ஒற்றைக் கண்ணாடி இந்தக் காற்றில் நிச்சயம் வேர்க்கும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஆர்கான் வாயு, ஒரு முகத்தில் வெப்பத்தைத் திருப்பும் மெல்லிய உலோகப் பூச்சு, இவை இருந்தால்தான் வெளிமுகம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிப்புள்ளி வெப்பநிலைக்கு மேல் தாக்குப்பிடிக்கும். வரவேற்பறையில் ஏசி ஓடும்போது எந்தக் கண்ணாடியும் ஓரளவு தப்பிவிடும். வீட்டுக்காரர் ஊருக்குப் போய் ஏசியை அணைத்த பிறகுதான் அதன் தரம் தெரியும். ஆகவே அறையை வாங்கிக்கொள்ளும் முன் ஓர் இரவு வரவேற்பறை ஏசியை நிறுத்தி வையுங்கள். காலையில் எழுந்ததும் கண்ணாடியின் கீழ் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்.