மானின் வாயைத் திறந்து பார்ப்பது யார்?

போன மாரியில் கோண்டாவிலிலிருந்து ஒரு ஆச்சி தன் மறியாட்டைக் கொண்டுவந்தார். "டொக்டர், கீழ்த்தாடையில ஒரு கட்டு. பழுக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன், பழுக்குதே இல்லை." தொட்டுப் பார்த்தேன். வெறும் கட்டியென்றால் விரலுக்குள் உருளும். இது எலும்போடு ஒட்டிக் கல்லுப்போல இருந்தது. டோர்ச் அடித்து வாய்க்குள் பார்த்தால், கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. பக்கத்து ஈறில் முள் நுனி. கெட்ட நாற்றம்.

இந்தத் தாடை எலும்பு நோய்க்குக் காரணமான கிருமிகள் பெரும்பாலும் அசைபோடும் விலங்குகளின் வாயிலும் குடலிலும் சாதாரணமாகவே இருப்பவை. முள்ளோ முரட்டுத் தண்டோ ஈறைக் கிழித்தால், அல்லது குட்டிகளுக்குப் பல் முளைக்கும்போது, அந்தப் புண்வழியே எலும்புக்குள் இறங்கிவிடும். எலும்பு உள்ளே அரிபட்டுத் தேன்கூடுபோல ஓட்டையாகும், வெளியே வீங்கும். பல் ஆடி விழும்.

காட்டு மான்களுக்கும் இதே நோய்தான் வருகிறது. ஆனால் மானைப் பிடித்து வாய் பார்க்க யார் இருக்கிறார்கள்? மெல்ல முடியாமல் மெலிந்து, பசியிலேயே செத்துப்போகும்.

திருக்கோணேச்சரம் போகிற நம் ஆட்கள் கோட்டைப் பக்கம் புள்ளிமானைக் கண்டால் வாழைப்பழமும் பாணும் நீட்டுகிறார்கள். அன்பில்தான் செய்கிறார்கள், எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் தயவுசெய்து வேண்டாம். புல்லும் இலையும் உதிர்ந்த பழமும் தின்னும் பிராணி அது. ஒரே இடத்தில் தீனி போட்டால் மந்தை அங்கேயே நெருக்கியடித்து நிற்கும், புழுக்கையும் சேறும் தீனியோடு கலக்கும். சாணத்தோடு வெளியேறும் ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி ஈரமண்ணில் தங்கியிருந்து, புண்ணுள்ள வாயைத் தேடிக்கொள்ளும். தாடை வீங்கிய மானைக் கண்டால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

வீட்டு ஆடென்றால் அந்த வீக்கத்தை பிளேட்டால் கீறவே கீறாதீர்கள். குழை போடும்போது முள்ளுக் கொப்பைக் கழித்துவிடுங்கள். ஆடு ஒரு பக்கத்தால் மட்டும் மென்றாலோ, அரைத்த குழை வாயிலிருந்து விழுந்தாலோ அன்றைக்கே கொண்டுவாருங்கள். எலும்பு அரிபட்ட பிறகு மருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

ஆச்சியின் மறிக்குப் பல்லைப் பிடுங்கி, புண்ணைக் கழுவி, பெனிசிலின் ஊசி பல நாட்கள் போட்டோம். வீக்கம் முழுதாக வற்றவில்லை. தை மாதம் பார்த்தபோது மற்றப் பக்கத்தால் பூவரசங்குழையை மென்றுகொண்டு நின்றது.