கல்லீரல் ரிப்போர்ட்டில் ஒளிந்திருக்கும் தசை நோய்

"உடம்பே முடியல டாக்டர்" என்ற புகாருக்குள் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் மூட்டு, தசை நோய் மருத்துவராகிய நான் உடனே சில கேள்விகள் கேட்பேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா? இந்தியன் டாய்லெட்டில்? பஸ்ஸின் முதல் படியில் கம்பியைப் பிடித்து இழுக்காமல் ஏற முடிகிறதா? கொடியில் துணி போட, தலை வார, கை மேலே போகிறதா? மல்லாந்து படுத்தபடி தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா?

சில வாரங்களாக இவை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன என்றால் அதை அசதி என்று விட்டுவிடக் கூடாது. இடுப்பு, தொடை, தோள், கழுத்துத் தசைகள் பலம் இழக்கின்றன என்று பொருள். பலருக்கு வலி பெரிதாக இருக்காது. வலிக்காததாலேயே தள்ளிப்போடுகிறார்கள். வயதானவர் என்றால் வீட்டிலுள்ளவர்களும் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்படிப் பலம் இழக்கச் செய்யும் நோய்களில் ஒன்று மயோசைட்டிஸ். 2022இல் நடிகை சமந்தா தனக்கு அது இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் அந்தப் பெயர் நம் ஊரில் பலருக்குத் தெரிந்தது. இதில் நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே தசையைத் தாக்கி அழற்சி உண்டாக்குகிறது. அரிதான நோய்தான். ஆனால் அரிது என்பதைவிட அதைக் கண்டுபிடிக்க ஆகும் தாமதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. அந்தத் தாமதம் பெரும்பாலும் ஒரே இடத்தில் நடக்கிறது.

அசதி என்று வருபவருக்கு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். கல்லீரல் ரிப்போர்ட்டில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் கூடியிருக்கும். உடனே கல்லீரல் கோளாறு என்று முடிவாகிவிடும். கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம், வயிற்று ஸ்கேன் என்று மாதங்கள் ஓடும். கல்லீரல் பயாப்சி வரை போய்விட்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு. இந்த இரண்டு நொதிகளும் தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தாலும் ரத்தத்தில் கூடும். அதே ரிப்போர்ட்டின் மற்ற அளவுகளான பிலிருபினும் ஜி.ஜி.டி.யும் சரியாக இருந்து, இவை மட்டும் ஏறியிருந்தால் சி.பி.கே. என்ற தசை நொதியைப் பார்த்தே ஆக வேண்டும். சாதாரணமாக 200ஐ ஒட்டி இருக்கும் இந்த எண் மயோசைட்டிஸில் பல ஆயிரங்களைக்கூடத் தொடலாம். பெரிய செலவில்லாத, சாதாரண லேபிலேயே செய்யக்கூடிய பரிசோதனை இது. ஆனால் சி.பி.கே. கூடினாலே மயோசைட்டிஸ் என்றும் பயப்பட வேண்டாம். தைராய்டு குறைவிலும், ஜிம்மில் கடுமையாகப் பயிற்சி செய்த மறுநாளும் அது ஏறும். கொழுப்பு குறைக்கும் ஸ்டேடின் மாத்திரையாலும் ஏறலாம். மிகச் சிலருக்கு அந்த மாத்திரையை நிறுத்திய பிறகும் தசைச் சிதைவு தொடரும். அதற்குத் தனி சிகிச்சை தேவை.

இந்த நோயில் ஒரு வகை தோலிலும் தெரியும். மேல் இமைகளில் ஊதா கலந்த சிவப்பு, விரல் முட்டிகளின் மேல் தடித்த செந்நிறப் புள்ளிகள். மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கருத்துப்போனது போலத்தான் இருக்கும். அதை வெயில் கருப்பு என்று நினைத்து கிரீம் தடவிக்கொண்டிருப்பார்கள். இந்த வகைக்கு டெர்மட்டோமயோசைட்டிஸ் என்று பெயர். இதில் சி.பி.கே. சரியாகவே இருக்கவும் கூடும். பெரியவர்களுக்கு இது வந்தால் உடலில் எங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்றும் தேடுவோம். குறிப்பாக முதல் மூன்று ஆண்டுகளில் அந்த அபாயம் கூடுதல். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பரிசோதனைகளைச் சிலர் வீண் செலவு என்று தவிர்த்துவிடுகிறார்கள்.

தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வருகிறது, சோறு தொண்டையில் நிற்கிறது, குரல் மாறிவிட்டது, வறட்டு இருமலோடு மூச்சு வாங்குகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கும் தசையோ நுரையீரலோ பாதிக்கப்பட்டிருக்கலாம்.

சிகிச்சை பெரும்பாலும் ஸ்டீராய்டில்தான் தொடங்கும். கூடவே நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், அசாதயோபிரின் போன்ற மருந்துகள். ஸ்டீராய்டு என்றதும் வருகிற பயம் எனக்குப் புரிகிறது. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், மறைந்திருக்கும் தொற்று தலைதூக்கலாம், உண்மைதான். அதனால்தான் காசநோயும் ஹெபடைடிஸ் பியும் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்கிறோம், கால்சியம் தருகிறோம், அளவைப் படிப்படியாகக் குறைக்கிறோம். கொஞ்சம் தேறியதும் மாத்திரையைத் தானாகவே நிறுத்துவதுதான் ஆபத்து. திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், நோயும் திரும்பும்.

சி.பி.கே. முதலில் இறங்கும், பலம் மெதுவாகத்தான் திரும்பும். இந்த இடைவெளியில் மனம் உடைந்துபோகிறவர்கள் நிறையப் பேர். சி.பி.கே. சரியான பிறகும் தொடை பலவீனம் கூடிக்கொண்டே போனால் ஸ்டீராய்டே காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், ஓய்வு. முன்பு இந்த நோயாளிகளை அசையவே விடமாட்டார்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் 1990களிலிருந்து நடந்த ஆய்வுகள் அதை மாற்றிவிட்டன. அளவான உடற்பயிற்சி தசையைக் கெடுப்பதில்லை, பலம் கூட்டுகிறது. பிசியோதெரபிஸ்ட் துணையோடு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியிலிருந்து தொடங்கலாம். நாற்காலி உயரமாக இருக்கட்டும்; பலம் கூடக் கூட உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.