கை நன்றாகப் பேசுகிறது, வாய் ஏன் முணுமுணுக்கிறது?

போன வாரம் டர்பனில் ஒரு தையல் ஆலையில் வேலை பார்க்கும் பெண் என்னைப் பார்க்க வந்தார். காது கேளாதவர். தன்மேல் நடந்த ஒழுங்கு விசாரணையின் குறிப்பை மேசையில் வைத்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: 'பதில் சொல்லத் தயங்கினார்.'

"நான் எங்கே தயங்கினேன்?" என்று சைகையில் கேட்டார்.

அவர் தயங்கவே இல்லை. "அந்த விதியை யாரும் என்னிடம் சொல்லவில்லை" என்று நிமிர்ந்து உட்கார்ந்து, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருக்கிறார். அவர் சைகையைப் பார்த்துக் குரல் கொடுத்த மொழிபெயர்ப்பாளரோ, "அது வந்து... யாரும் சொல்லலை போல..." என்கிற தோரணையில் ஆங்கிலத்தில் இழுத்திருக்கிறார். கூட இருந்த தொழிற்சங்கக்காரர் சொல்லித்தான் இது தெரிய வந்தது. எனக்குத் தெரிந்து இந்த வருஷத்தில் இது நாலாவது.

தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023 ஜூலை 19 அன்று நாட்டின் 12ஆவது ஆட்சி மொழியானது. நல்லது. சைகை மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் சைகையில் கெட்டிக்காரர்கள். ஆனால் "கைதான் கஷ்டம், பேசுவதில் என்ன இருக்கிறது, வாய் இருந்தால் போதாதா?" என்கிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2013 டிசம்பர் 10 அன்று, மண்டேலாவின் நினைவுக் கூட்டத்தில் மேடையில் சைகை மொழிபெயர்ப்பாளராக நின்ற ஒருவர் பொருளில்லாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அது சைகை மொழியே இல்லை என்று காது கேளாதவர்கள் உடனே சொல்லிவிட்டார்கள். கை தப்பினால் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. குரல் தப்பினால்? தனக்கு என்ன குரல் கொடுத்தார்கள் என்பது காது கேளாதவருக்குத் தெரியவே தெரியாது. குரல் கொடுக்கிற உங்கள் கூச்சம் அவர் கூச்சமாகிவிடும், உங்கள் தூக்கக் கலக்கம் அவர் மந்தபுத்தியாகிவிடும். வேலை போவது அவருக்கு, உங்களுக்கு அல்ல.

சைகை மொழியில் முகமும் இலக்கணம்தான். தமிழில் 'ஆ' சேர்த்து 'வந்தாயா' என்கிறோமே, அந்த வேலையை அங்கே உயர்ந்த புருவம் செய்கிறது. அந்தப் புருவத்தை உங்கள் குரல் தூக்க வேண்டும். அதேபோல, அவர் அடித்துச் சொன்னதை நீங்கள் கடைசியில் குரலை ஏற்றிக் கேள்வியாக்கக் கூடாது.

பதற்றக்காரர்கள் செய்யும் இன்னொன்று, முந்திக்கொள்வது. கை 'மாத்திரை' என்று காட்டியதும் "மாத்திரை போட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். 'இல்லை' என்ற தலையசைப்பு அதற்கப்புறம் வருகிறது! 'போட்டேனா, போடவில்லையா' என்பது தமிழிலும் கடைசியில்தானே தெரிகிறது? அது வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். தவறிவிட்டால் "தவறு மொழிபெயர்ப்பாளருடையது" என்று உரக்கச் சொல்லித் திருத்துங்கள். விழுங்காதீர்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஆயா கையில் வளர்ந்த இளம் மொழிபெயர்ப்பாளர் ஒருத்திக்கு வேறு சிக்கல். பெரியவர்கள் முன்னால் கெட்ட வார்த்தை வாயில் வராது. காது கேளாத அண்ணன் ஒருவர் அதிகாரியைக் கோபமாகத் திட்டினால், இவள் "அவர் கொஞ்சம் வருத்தப்படுகிறார்" என்பாள். முதலில் அந்த 'அவர்' தப்பு. 'நான்' என்றுதான் பேச வேண்டும். அடுத்தது, திட்டு திட்டாகவே போக வேண்டும். திட்டியது நீங்கள் இல்லையம்மா!

நாடகம் போடவும் சொல்லவில்லை. ஆணுக்குக் குரல் கொடுக்கும் பெண் கட்டைக்குரலில் பேச வேண்டாம். வேகம், அழுத்தம், நிறுத்தம், இந்த மூன்றும் மாறினால் போதும்.

காரில் போகும்போது பத்து நிமிஷம் வாய்மூடி முனகுங்கள், தொண்டை இளகும். ஒரே செய்தியை நர்ஸ் மாதிரி, பள்ளிப் பையன் மாதிரி, கோபக்கார மாமா மாதிரி வாசித்துப் போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை உங்களுக்கே பிடிக்காது. பரவாயில்லை, மறுபடி கேளுங்கள். பெயர்களையும் விஷயத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். பாதித் தயக்கம் தெரியாத பெயரால் வருவது. நீண்ட கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், இருபது நிமிஷத்துக்கு மேல் மூளையும் குரலும் சேர்ந்தே சோர்ந்துவிடும்.

தொண்டை கட்டியிருந்தால் அன்றைக்கு வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். காலையிலேயே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. மாற்றாள் தேட எங்களுக்கு நேரம் இருக்கும்.