சிரங்கு வந்த பிள்ளையைக் குளிக்கச் சொல்லித் திட்டாதீர்கள்

கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்துப் பக்கம் படுத்துறங்கும் ஒரு குடும்பத்துப் பையனைத் தன்னார்வலர் ஒருவர் கூட்டி வந்தார். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பெல்லாம் சீழ் பிடித்த புண். "குளிப்பாட்டவே மாட்டாங்க போல சார்" என்றார், பெற்ற அம்மாவை வைத்துக்கொண்டே. அந்த அம்மா தலையைக் குனிந்தபடி, "தெனமும் தண்ணி ஊத்தித்தானுங்க உடறேன்" என்றார். இதே பேச்சை இன்னும் எத்தனை முறை கேட்பது?

சிரங்கு அழுக்கால் வருவதில்லை. மிகச் சிறிய உண்ணி ஒன்று தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. தோலோடு தோல் ஒட்டியிருந்தால் பரவும். மூன்று வேளை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் வளைக்குள் இருப்பது சாகாது, புண்தான் பெரிதாகும். ஆர்.எஸ்.புரத்து அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கும் வரும். தெருப்பிள்ளைகளிடம் அதிகம் இருப்பதற்குக் காரணம், மார்கழிக் குளிரில் ஐந்து பேர் ஒரே போர்வைக்குள் நெருங்கிப் படுப்பது. அம்மாவை வெட்கப்பட வைத்தால் அடுத்த பிள்ளைக்கு வந்தாலும் மறைத்துவிடுவார்.

இன்னொன்று, மெடிக்கலில் அரிப்புக்கென்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த டியூப். அரிப்பு தணியும், உண்ணி பெருகும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

உண்ணியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5 சதவீத கிரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி, தொப்புள், பிறப்புறுப்பு எதையும் விடாமல் இரவில் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நீங்களாகத் தடவ வேண்டாம். சேர்ந்து படுக்கும் அத்தனை பேரும் ஒரே இரவில் தடவ வேண்டும், அரிப்பே இல்லாதவரும்தான். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நாலைந்து வாரம் ஆகலாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் தடவி அனுப்பினால் அதே போர்வையில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். முடிந்த பிறகும் சில வாரம் அரிக்கும். அதற்காகத் தினமும் தடவாதீர்கள்.

முகம் வீங்கினாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். சீழ்ப்புண்ணைத் தொடர்ந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

துணியையெல்லாம் வெந்நீரில் துவைக்கச் சொல்வார்கள். நடைபாதையில் வெந்நீருக்கு எங்கே போவார்கள்? மனிதத் தோலை விட்டு இந்த உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. துணியையும் போர்வையையும் சாக்கில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். அந்த ஒரு வாரத்துக்கு மாற்றுத்துணியும், ஆளுக்கொரு போர்வையும் யாராவது கொடுங்கள், சாமி.